சீனச் சோதிடத்தின் ஐம்மூலகங்களும் மலையகத்தின் காலக்கணக்கும்

சோதிடத்தை மூடநம்பிக்கையென ஒதுக்குவது எளிது. அது எத்தகைய சமூகத் தேவையிலிருந்து தோன்றிற்று, எவருக்குப் பயன்பட்டது என ஆராய்வதே வரலாற்று மாணவரின் கடன். தேயிலையைப் போன்று சீனத்திற் பிறந்து பிற நாடுகளுக்குப் பரவிய காலக்கணக்கொன்றினை, மலையகத் தமிழர் தம்முடன் கொணர்ந்த பஞ்சாங்கத்தோடு இங்கு ஒப்புநோக்குகின்றோம்.

சீனச் சோதிடம் மரம், தீ, மண், உலோகம், நீர் என்னும் ஐந்து மூலகங்களைக் கொள்ளும். நமது ஐம்பூதங்களிலுள்ள வளியும் வானும் அங்கில்லை. இவற்றைச் சுட்டும் சீனச் சொல்லுக்கு 'நடத்தல், இயங்குதல்' என்பதே அடிப்பொருள். மரம் தீயை வளர்க்கும். தீ மண்ணையும், மண் உலோகத்தையும், உலோகம் நீரையும், நீர் மரத்தையும் பிறப்பிக்கும். மறுதலையாக, நீர் தீயை அவிக்கும். தீ உலோகத்தை உருக்கும். உலோகம் மரத்தை வெட்டும். மரம் மண்ணைப் பிளக்கும். மண் நீரைத் தடுக்கும். முரண்பாட்டினூடாகவே மாற்றம் நிகழும் என்ற தொன்மையான இயங்கியற் சிந்தனை இதிலுண்டு. ஆயின் அவ்வியக்கம் முன்னேறுவதன்று, வட்டமாகச் சுழல்வது.

அச்சுழற்சி ஆளுவோருக்கு உதவிற்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டினரான சோ யென் அதனை அரசமரபுகளின் எழுச்சி வீழ்ச்சிக்குப் பொருத்தினார். கி.மு. 221இல் சீனத்தை ஒருங்கிணைத்த சின் பேரரசன், தீக்குரிய முன்னைய மரபை வென்ற நீராகத் தன் ஆட்சியைப் பிரகடனஞ் செய்தான்.

ஒவ்வொரு மூலகமும் அடுத்தடுத்து ஈராண்டுகளுக்கு உரியது. ஆகவே ஐந்தும் 10 ஆண்டுகளில் ஒரு சுற்று வரும். எலி முதற் பன்றி ஈறான விலங்குகள் 12 ஆண்டுகளிற் சுற்றும். இவ்விரண்டும் தொடங்கிய இடத்தில் மீண்டுங் கூட 60 ஆண்டுகளாகும். வியாழனின் ஓட்டத்தை அடியாகக் கொண்ட நமது பிரபவாதி வட்டமும் 60 ஆண்டுகளே. இத்தகைய நம்பிக்கை பொய்யாயினும் அதன் விளைவு மெய்யாகலாம். 'தீக்குதிரை' ஆண்டிற் பிறக்கும் பெண் குடும்பத்துக்கு ஆகாள் என்ற அச்சத்தால், 1966இல் யப்பானின் பிறப்புகள் முந்திய ஆண்டிலும் ஏறத்தாழக் காற்பங்கு குறைந்தன.

ஆண்டுப்பெயர் மீள்வதுபோல் வரலாறும் மீளுமா? ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் வணிக நோக்குடன் தேயிலை பயிரிட்ட 1867, தமிழருக்குப் பிரபவ. சீனருக்குத் 'தீ முயல்'. அவ்விரு பெயர்களுமே 1927இல் மீண்டன. ஆனால் இடைக்காலத்தில், 1921இல், கடனைக் குறித்துத் தொழிலாளரைக் கைமாற்றிய 'துண்டு' முறை ஒழிக்கப்பட்டிருந்தது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச வேதனச் சட்டம் இயற்றப்பட்டது.

குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1948 நவம்பர், சர்வதாரி ஆண்டு. 'மண் எலி' ஆண்டு. மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது அவ்வாண்டின் கிரகநிலையன்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றமையும், பிற தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணைநின்றமையும் ஆளும் வர்க்கத்தை அச்சுறுத்தின. 2008இல் சர்வதாரியும் மண் எலியும் மீண்டும் வந்தபோது, 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கும் குடியுரிமைக்கு வழி திறக்கப்பட்டிருந்தது.

நுவரெலியாவிலும் ஹற்றனிலும் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் பஞ்சாங்கம் நாள் குறித்தது. தொழிலாளியின் அன்றாடத்தை நிர்ணயித்தனவோ, பெரட்டுக்களத்துக்கு அழைத்த தப்பொலியும் 'பேர்' பதிந்த செக்றோலுமாகும். அப்பேடு துரைமாரின் கையிலிருந்தது. தன் கூலியையும் குடியிருப்பையும் தானே தீர்மானிக்க முடியாதவன் அவற்றைத் 'தலைவிதி' என்றழைப்பதில் வியப்பில்லை. ஏளனத்தால் அந்நம்பிக்கை அகலாது. காணியுரிமையும், லயத்துக்கு வெளியே சொந்த வீடும், நியாயமான கூலியும் கிட்டுமளவுக்கே விதியின் ஆட்சி சுருங்கும் என்பது நமது துணிபு.