காலணாப் பெறாத ஒரு சொல்

அற்ப விஷயத்தைச் சுட்ட ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் அமெரிக்கர்கள் புழங்கும் ஒன்று 'பிக்கயூன்'. "அதெல்லாம் பிக்கயூன் சமாச்சாரம்" என்றால், "விடப்பா, தம்பிடி பெறாத விஷயம்" என்று அர்த்தம். நொட்டை சொல்லியே பொழுதைக் கழிக்கும் ஆசாமியின் சில்லறைப் புத்திக்கும் இதே சொல்தான்.

தம்பிடியைப் போலவே இதுவும் முதலில் ஒரு காசின் பெயர். பிரெஞ்சு மொழியில் ஒரு சின்னச் செப்புக்காசைக் குறித்த சொல், பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய லூசியானாவில் ஸ்பானிய அரை ரியாலுக்கு ஒட்டிக்கொண்டது. 8 ரியால் ஒரு டாலர். ஆகவே டாலருக்கு 16 பிக்கயூன். நம்ம ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கேதான்! செண்டில் சொன்னால் ஆறேகால். 1803-இல் லூசியானா அமெரிக்கா வசமான பிறகும் கடைத்தெருவில் இந்தக் காசு ஓடியது.

1837 ஜனவரி 25 அன்று லம்ஸ்டன், கெண்டால் என்ற இருவர் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். விலை ஒரு பிக்கயூன், பெயரும் அதுவே.

1857-இல் அந்நிய நாணயங்கள் செல்லாது என அமெரிக்கா சட்டம் போட்டது. காசு போச்சு, சொல் நின்றது. சரியாக 100 ஆண்டு கழித்து, 1957-இல் நயா பைசா வந்து நம் அணாவும் போயிற்று. "காலணாப் பெறாது" மட்டும் போகவில்லை!

பத்திரிகையும் போகவில்லை. 1876-இல் கணவர் இறந்ததும், கடனில் தத்தளித்த அதை எலிசா ஜேன் என்ற பெண்மணி ஏற்று நிமிர்த்தினார். 1914-இல் வேறொரு ஏட்டுடன் இணைந்து 'டைம்ஸ்-பிக்கயூன்' ஆயிற்று. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நகரத்தை மூழ்கடித்தபோது, ஊழியர்கள் பத்திரிகை லாரிகளிலேயே ஏறித் தப்பினார்கள். அச்சடிக்க வழியில்லாத நாட்களில் இணையம் வழியே செய்தி தந்தார்கள். 2006-இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு பெற்ற ஏடுகளில் இதுவும் ஒன்று. 2019-இல் கை மாறியும் பெயரிலிருந்து 'பிக்கயூன்' போகவில்லை.

ஆறேகால் செண்டு விலையைப் பெயராகச் சூடிய ஏடுதான், மூழ்கிய ஊருக்குச் செய்தி சொன்னது. எதையாவது 'அற்பம்' என்று ஒதுக்கும் முன் கொஞ்சம் யோசிப்போமே!