நெஞ்சிடியும் நாட்டு வைத்தியமும்



யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறைக்கு அயலில் சுருவில் என்னும் சிற்றூர் உளது. கடலுக்குப் போனவர் உரிய வேளையிற் கரை சேராவிடின், வீட்டிலிருப்போர்க்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பரீட்சை மண்டப வாயிலில் நிற்கும் மாணவனுக்கும் அவ்வாறே. இதனை எம்மவர் ‘நெஞ்சிடி’ என்பர். உள்ளத்துக் கவலை இதயத்தை இவ்வாறு அலைப்பது ஏன்? இவ்வினாவுக்கு நாட்டு வைத்தியம் கண்ட விடையின் வரலாற்றை இன்று சுருக்கமாக நோக்குவோம்.

வடமொழி மருத்துவ நூல்களுட் பழைமை வாய்ந்தது சரக சங்கிதை. இதயத்தையும் அதனின்று புறப்படும் பெருங்குழாய்களையும் காக்க விரும்புவோன், முதலில் மனத்துயருக்குக் காரணமானவற்றை விலக்கவேண்டும் என்பது அந்நூலின் கருத்து. இதயத்துக்கு இதமான பத்துக் கனிகளை வகுத்துக் கூறுமிடத்து, மா, இலந்தை, மாதுளை ஆகியவற்றையும் அது சேர்த்துள்ளது. பின்வந்த வாக்படர் தமது அட்டாங்க இருதயத்தில், உடலெங்கும் சஞ்சரிக்கும் வியானன் என்னும் வாயுவுக்கு இதயமே இருப்பிடம் என்றார். அச்சம், துயரம், கவலை, பட்டினி, கண்விழிப்பு ஆகியன வாயுவைக் கிளறும் என்பதும், எண்ணெய்ப் பூச்சும் இளஞ்சூடான உணவும் ஓய்வும் அதனைத் தணிக்கும் என்பதும் அவர் காட்டிய நெறி.

சித்த மருத்துவமும் பத்து வாயுக்களைக் கூறுகின்றது. யாழ்ப்பாணத்தில் அது தனக்கென நூன்மரபு உடையதாய் வளர்ந்தது. செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் ஆரியச் சக்கரவர்த்திகளின் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கியவை. ஏட்டுச் சுவடிகளாய்க் கிடந்த இவ்விரு நூல்களையும் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை, 1920களின் இறுதியிலும் 1930களிலும் அச்சேற்றினார். அதற்கு முன்னரே மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மனித உடலின் அமைப்பை விளக்கும் நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். ஆகவே, இதயத்தை வாயுவின் இருப்பிடமாகக் கண்ட நூலும், குருதியைச் செலுத்தும் பொறியாகக் கண்ட நூலும் எம்மவர் கையில் ஒருங்கே இருந்தன.

மேனாட்டாரும் இவ்வினாவைச் சந்தித்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போரிற் பங்குகொண்ட வீரர் பலருக்கு நெஞ்சுப் படபடப்பும் இளைப்பும் இருந்தன. இதயத்திலோ வெளிப்படையான பழுது இல்லை. இவர்களை ஆராய்ந்த டாக்டர் டா கோஸ்டா, தம் முடிபுகளை 1871 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இனி, மூலிகையொன்றின் கதையைக் கேளுங்கள். சர்ப்பகந்தி என்னும் வேரை, மனக்கலக்கத்துக்கும் உறக்கமின்மைக்கும் நம் வைத்தியர் நெடுங்காலம் வழங்கிவந்தனர். கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும் 1931 இல், அது சித்தப்பிரமைக்கும் உயர்ந்த இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுதலை எழுதினர். அதே ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி அவ்வேரிலிருந்து அஜ்மலின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். இதயத் துடிப்பின் ஒழுங்கு பற்றிய சோதனைகளில் அது இன்றும் பயன்படுகின்றது. பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் 1949 இல் பிரித்தானிய இதய மருத்துவ ஏடொன்றில் எழுதிய கட்டுரையால் உலகம் இவ்வேரை அறிந்தது. 1952 இல் சுவிற்சலாந்தில் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அது இரத்த அழுத்தத்தையும் படபடப்பையும் தணித்தது. ஆயின் உட்கொண்டோர் சிலரை ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்த்தியமையும் பின்னர் அறியப்பட்டது. இன்று அது அருகியே வழங்குகின்றது. முன்னோர் கண்ட மருந்து பொய்யன்று. ஆனால் அளவும் சோதனையும் இன்றி எம்மருந்தும் நன்மருந்தாகாது என்பதே இக்கதை தரும் பாடம்.

இது ஏட்டுச் செய்தி மாத்திரமன்று. 1990 ஆம் ஆண்டில் தீவுப்பகுதி மக்கள் பலர் போரினால் ஊரும் வீடும் விட்டுப் பெயர்ந்தனர். போரின் மனவடுக்களை ஆராய்ந்த யாழ்ப்பாண மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 1998 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், உள்ளத் துயர் உடல் நோவாகவும் வெளிப்படுதலை எடுத்துரைக்கின்றது. நெஞ்சு இடிக்கிறதென்று வருபவரிடம் “ஒன்றுமில்லை, போய்வாரும்” என்று சொல்லி அனுப்புதல் எளிது. பழைய பரியாரியாரோ நாடியைப் பிடித்துக்கொண்டே, “உறக்கம் எப்படி? சாப்பாடு எப்படி? மனதில் என்ன?” என்று வினவுவார். அவ்வினாக்களும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

எனினும் நெஞ்சிடி யாவும் கவலையினால் வருவனவல்ல. இரத்தச்சோகையும் தைரொயிட் சுரப்பியின் மிகுதியும் இதய நோயும் அதனை உண்டாக்கும். நெஞ்சு நோவோ மயக்கமோ மூச்சுத்திணறலோ உடன்வருமாயின், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சோதனையில் இதயம் பழுதற்றதென்று தெளிந்தபின், முன்னோர் சொன்ன எண்ணெய் முழுக்கும் வேளைக்கு உணவும் நல்லுறக்கமும் மனம்விட்டுப் பேசுதலும் உறுதுணையாகும். வேர்மருந்தை மாத்திரம் தகுதிபெற்ற வைத்தியர் கையாற் பெறுக.

மருந்தின் பெயரை ஏடு காக்கும். நோயாளியின் துயரைச் செவிமடுக்கும் வழக்கத்தை நாமே காத்தல் வேண்டும்.