கழராத நட்டு

நவம்பர் கடைசி ஞாயிறு. றெஸ்ரோரண்ட் பூட்டு. மொன்றியலில் பனி றயர் மாற்றுகிற காலம். கியூபெக்கில் 2008 மார்கழியில் இருந்து பனி றயர் கட்டாயம். முதலில் மார்கழி 15 என்று இருந்த தவணையை 2019 இல் மார்கழி 1 ஆக முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். கராஜுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிப்போம் என்று நானே ஸ்பானரும் கையுமாக இறங்கினேன். பின்பக்க இடது சில்லில் ஐந்து நட்டில் நாலு கழன்றது. ஐந்தாவதில் 19 சொக்கற் ஏறவே இல்லை.

சில கார்களின் சில்லு நட்டு ஒரே துண்டு இல்லை. உள்ளே சாதாரண எஃகு நட்டு, மேலே பளபளப்புக்கு ஒரு மெல்லிய தகட்டுத் தொப்பி. இரண்டுக்கும் இடையில் உப்புத் தண்ணீர் போனால் உள்ளே துருப் பிடிக்கும். இரும்பு இருக்கிற இடத்தை விடத் துருவுக்கு இடம் கூட வேண்டும். தொப்பி ஊதிவிடும். போன வசந்தத்தில் ஒரு கராஜ்காரன் அதை அரைகுறையாக ஏறின சொக்கற்றோடு காற்றுக் கன்னால் அடித்து இறுக்கி, மூலைகளையும் தேய்த்து வைத்திருந்தான். உப்புக்கு இங்கே பஞ்சமில்லை. சென் லோறன்ஸ் குடாவில் இருக்கிற மட்லேன் தீவுகளில் 1980களின் தொடக்கத்தில் திறந்த சுரங்கத்தில் இருந்து கப்பல் கப்பலாக வருகிறது. மாரி முழுக்க வீதியில் கொட்டுகிறார்கள். எங்கள் ஆனையிறவு உப்பளம் 1990 இல் யுத்தத்தோடு மூடியபோது சனம் உப்புக்கு அலைந்தது நினைவுக்கு வந்தது.

குளிருக்குள் குந்தியிருந்து அந்த நட்டைப் பார்த்தபோது மாமாவின் குரல்தான் கேட்டது. "மருமோன், ஸ்பானர் பிழை எண்டால் நட்டில பிழை சொல்லாத."

மாமாவுக்குக் கோண்டாவிலில் ஒரு சின்னக் கராஜ் இருந்தது. ஒரு மாமரம், ஒரு தகரக் கொட்டில், அவ்வளவுதான். 1990 ஆனியில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய பிறகு பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான். அவரிடம் மூன்று தகரப் பெட்டிகளில் ஸ்பானர்கள் இருந்தன. மாறிப் போட்டால் குட்டு விழும். ஏன் மூன்று என்று அப்போது விளங்கவில்லை. கம்பசில் பௌதிகவியல் இரண்டு வருடம் படித்து, முடிக்காமல் ஓடி வந்து, இங்கே கோப்பை கழுவுகிற காலத்தில்தான் நூலகத்தில் இருந்து அதை வாசித்தேன்.

1841 க்கு முன்பு இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன்பாட்டுக்குப் புரி வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறை நட்டு அடுத்த பட்டறை போல்ற்றில் ஏறாது. ஜோசப் விற்வேர்த் என்ற பொறியியலாளர் பல பட்டறைகளின் திருகாணிகளைச் சேர்த்து, அளந்து, சராசரி பார்த்து, 55 பாகைப் புரியை எல்லாருக்கும் பொதுவாக வைப்போம் என்றார். அமெரிக்காவில் 1864 இல் வில்லியம் செல்லேர்ஸ் என்பவர் பிலடெல்பியாவில் வேறொன்று சொன்னார்: 60 பாகை, செய்வது சுலபம். வெறும் 5 பாகை வித்தியாசம். அதற்கு எண்பது வருடம் உலகம் செலவு கொடுத்தது.

இரண்டாம் உலகப்போரில் அது உச்சத்துக்கு வந்தது. றோல்ஸ் றொய்ஸின் மேர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவின் பக்கார்ட் கொம்பனி டெற்றொயிற்றில் செய்ய ஒத்துக்கொண்டபோது, பிரித்தானியப் புரி வெட்டுகிற கருவி அங்கே வாங்கக் கிடைக்கவில்லை. அவர்களே செய்ய வேண்டி வந்தது. கனடாவின் நிலைமை மத்தளம் மாதிரி, இரண்டு பக்கமும் இடி. பிரித்தானியாவுக்கும் ஆயுதம் செய்ய வேண்டும், பக்கத்து வீட்டுக்காரனோடும் ஒத்துப்போக வேண்டும். 1945 இல் ஒட்டாவாவில் கூடிக் கதைத்து, கடைசியில் 1948 நவம்பர் 18 இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா மூன்றும் வொஷிங்ரனில் ஒரே புரிக்குக் கையெழுத்துப் போட்டன. யூனிஃபைட் புரி என்பது அதுதான். யுத்தம் முடிந்து மூன்று வருடம் கழித்து ஒரு நட்டுக்கு ஒப்பந்தம்!

புரியோடு ஸ்பானர் கணக்கும் மாறியது. இதுதான் முக்கியமான இடம். விற்வேர்த் ஸ்பானரில் 3/8 என்று அடித்திருந்தால் அது போல்ற்றின் விட்டம். ஸ்பானரின் வாய் உண்மையில் 0.710 அங்குலம். புதிய முறையில் (ஏ.எஃப் என்று அடித்திருக்கும்) எழுதியிருக்கிற அளவுதான் வாய் அளவு. பிறகு 1977 இல் இலங்கை இறக்குமதியைத் திறந்துவிட, யப்பான் கார்கள் மில்லிமீற்றரோடு வந்தன. மாமாவின் மூன்று பெட்டி இப்படித்தான். அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீற்றர். 13 ஸ்பானர் அதிலே ஏறும். ஆனால் 0.3 மில்லிமீற்றர் ஆடும். நட்டு இறுகி இருந்தால் அந்த ஆட்டத்தில்தான் மூலை தேயும்.

இதைவிடப் பகிடி பழைய மொறிஸ் எஞ்சின். ஹொச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கொம்பனி முதலாம் உலகப்போரில் இங்கிலாந்தின் கொவென்றியில் தொழிற்சாலை போட்டது. யுத்தம் முடிய அங்கே மொறிசுக்கு எஞ்சின் செய்தார்கள், 1923 இல் மொறிஸ் அதை வாங்கிவிட்டார். இயந்திரங்கள் மெற்றிக், ஆகவே புரியும் மெற்றிக். ஆனால் வெள்ளைக்கார மெக்கானிக்கிடம் இருப்பது விற்வேர்த் ஸ்பானர். ஆகவே தலையை மட்டும் விற்வேர்த் அளவில் வைத்தார்கள். உள்ளே பிரெஞ்சு, வெளியே இங்கிலிஷ். மொன்றியலில் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் நாற்பது வருடம் ஓடினதற்குக் காரணம் எங்கள் ரசனை இல்லை. 1960களில் இருந்தே வாகன இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றரி, சீமெந்து எதுவும் வராது. காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். புது நட்டு கிடையாது. ஆகவே நட்டைக் காப்பாற்றுவதுதான் தொழில்.

இங்கே எல்லாரும் டபிள்யூடி-40 ஐத் தூக்குகிறார்கள். அது 1953 இல் சன்டியேகோவில் ஈரத்தை விலக்கித் துருவைத் தடுக்கச் செய்தது. இறுகின நட்டுக்குள் ஊறி இறங்குவதற்கு வேறு எண்ணெய் இருக்கிறது. மாமாவிடம் இரண்டுமில்லை. முதல்நாள் இரவே துணித் துண்டை மண்ணெண்ணெயில் நனைத்துச் சுற்றி வைப்பார். காலையில் கம்பித் தூரிகையால் வெளியே தெரிகிற புரியைத் துடைப்பார். பிறகு நட்டின் பக்கங்களில் சுத்தியலால் தட்டு. அதன்பிறகும் கழட்ட விடமாட்டார். "முதல் ஒரு கொஞ்சம் இறுக்கு. பேந்து கழட்டு. போய் வந்துதான் அவன் இளகுவான்." அதுக்கும் மசியாவிட்டால் சிரட்டைக்கரியில் ஒரு இரும்பைச் சிவக்கக் காய்ச்சி நட்டின் மேல் பிடிப்பார். போல்ற் சூடாக முதல் நட்டு சூடாகி விரிய வேண்டும். சுட்ட நட்டில் மெழுகுதிரித் துண்டைத் தொட்டால் உருகிப் புரிக்குள் இறங்கிவிடும். உளி கடைசி. உளி வைத்தால் நட்டுப் போச்சு.

1995 ஒக்ரோபர் 30 பின்னேரம் ஒலிபெருக்கியில் வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொன்னார்கள். எனக்குப் பதினாறு வயது. கராஜில் ஒருவருடைய மொறிஸ் மைனர் நின்றது. முன் சில்லு காற்றுப் போயிருந்தது. நடக்க ஏலாத தாயைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு அவர் வந்துவிட்டார். நாலு நட்டில் மூன்று கழன்றது. ஊற வைக்க இரவு இல்லை, அடுப்பு மூட்ட நேரமில்லை. மழை வேறு. நான் குழாயை ஸ்பானரில் செருகித் தொங்கினேன், மூலை தேய்ந்தது. மாமா என்னைத் தள்ளிவிட்டு உளியை எடுத்தார். மூலையில் வைக்கவில்லை. தட்டையான பக்கத்தின் நடுவில், ஸ்ரட்டுக்கு நேராக வைத்து ஐந்தாறு அடி. நட்டு வெடித்து வாய் திறந்தது. ஸ்ரட்டின் புரியில் ஒரு கீறல்தான். மாற்றுச் சில்லை மூன்று நட்டில் பூட்டினார்.

"மூண்டில ஓடுமோ அண்ணை?" என்று அவர் கேட்டார்.

"ஓடினால்தானே பயம்," என்றார் மாமா.

அது உண்மை. அன்றிரவு செம்மணி வீதியில் கார் ஓடவில்லை. லட்சக்கணக்கான சனத்துக்கு நடுவில் நாவற்குழிப் பாலத்துக்கு ஊர்ந்தது. நான் பின்னால் நடந்தேன், அரைவாசி வழி தள்ளினேன். சாவகச்சேரிக்குப் போய்ச் சேர அடுத்த நாள் பின்னேரம். அந்த ஆச்சி கதவுப் பக்கம் சாய்ந்தபடி, நடந்து வந்த சின்னப்பிள்ளைகள் இரண்டைத் தன் மடியில் வைத்திருந்தா. மூன்று பெட்டி ஸ்பானரில் மாமா சைக்கிளில் கட்டி வந்தது ஒன்றுதான், விற்வேர்த் பெட்டி. மற்ற இரண்டையும் 1996 இல் திரும்பிப் போனபோது காணவில்லை.

என்னுடைய நட்டுக்கு வருகிறேன். ஊதின தகட்டை உளியால் ஓரத்தில் கிளப்பி உரித்தேன். உள்ளே இருந்த எஃகுக்கு 19 பெரிது. அறுகோண 18 சொக்கற்றை, பன்னிரண்டு மூலை உள்ளது இல்லை, சுத்தியலால் அடித்து ஏற்றினேன். 18 மில்லிமீற்றர் என்பது கிட்டத்தட்ட 3/8 விற்வேர்த். ஊறும் எண்ணெய் விட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, முதலில் கொஞ்சம் இறுக்கினேன். ஒரு "டிக்" சத்தம். பிறகு கழன்றது. ஒரே துண்டில் செய்த எஃகு நட்டு இருபது வாங்கி எல்லாச் சில்லுக்கும் மாற்றிவிட்டேன்.