ஊட்டிக்கு முன்னாடி செஞ்சி: மூணு மலை, எட்டு வருஷம், ஒரு ராத்திரி

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். சில இடங்களில் பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

பாண்டிச்சேரி பீச்சுக்குப் போன எல்லாரும் காந்தி சிலை முன்னாடி ஒரு செல்ஃபி எடுத்திருப்பீங்க. அந்தச் சிலையைச் சுத்தி நிற்கிற எட்டு கல் தூண்களைக் கவனிச்சிருக்கீங்களா? நான் கவனிச்சதே இல்லை. எங்க ஊர் கண்டமங்கலம், விழுப்புரம் – பாண்டி ரோட்டில் இருக்கு. சின்ன வயசில் இருந்து அந்தத் தூண்களில் சாய்ஞ்சு கடலை வாங்கித் தின்னவன் நான். அவை பாண்டிச்சேரித் தூண்களே இல்லை, செஞ்சியில் இருந்து எடுத்து வரப்பட்டவைன்னு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிஞ்சுது.

ஆபீஸில் லாங் வீக்எண்ட் வந்தாலே ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடுன்னு பேச்சு ஆரம்பிச்சுடும். நான் செஞ்சின்னு சொன்னா, "அங்க என்னடா இருக்கு?"ன்னு கேட்பாங்க. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த எபிசோட். குளிர் கிடையாது, படகு சவாரி கிடையாது. ஆனா ஒரே நாளில் இத்தனை நூற்றாண்டுகளை நடந்தே பார்க்கிற மலை ஊர் நம்ம பக்கத்தில் வேற இல்லை.

போகிற வழியிலேயே ஆரம்பம்

விழுப்புரத்தில் இருந்து செஞ்சி சுமார் 37 கிலோமீட்டர். திண்டிவனத்தில் இருந்து வந்தா இன்னும் கிட்ட. விழுப்புரம் வழியா வந்தீங்கன்னா, செஞ்சி ரோட்டில் இருந்து கொஞ்சம் விலகி மண்டகப்பட்டு போயிட்டு வாங்க. ஒரே பாறையில் குடைஞ்ச சின்னக் கோயில். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் செதுக்க வைத்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம இதைச் செஞ்சேன்னு கல்வெட்டில் அவரே பெருமையாச் சொல்லிக்கிறார். அதுவரைக்கும் கோயில்னா அந்தப் பொருட்கள்தான்.

அடுத்து செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. ஒரு பெரிய பாறை முகத்தில் 24 தீர்த்தங்கரர்களும் வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. சந்திரநந்தின்னு ஒரு சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பு இருந்து உயிர் விட்ட இடம்னு அங்கே ஒரு பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்லுது. கோட்டை வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே இந்தப் பாறைகளைத் தேடி ஆட்கள் வந்திருக்காங்க. சண்டை போட இல்லை, அமைதியா சாக.

மூணு மலையும் ஒரு மதிலும்

இப்போ கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. மூணையும் முக்கோணம் மாதிரி இணைச்சு 12 கிலோமீட்டருக்கு மேல் மதில். திண்டிவனம் – திருவண்ணாமலை ரோடு அதுக்கு நடுவிலேயே போகுது. பஸ்ஸில் தூங்கிட்டுப் போறவங்க ஒரு கோட்டைக்குள்ள போயிட்டு வெளிய வர்றதை உணர்றதே இல்லை.

கோட்டையை ஆரம்பிச்சவர் ஆனந்தக் கோன்னு மரபு. காலம் சுமார் 1200. ஆடு மேய்க்கிற சமூகத்தில் இருந்து வந்த கோனார் தலைவர். அப்புறம் விஜயநகரம், அதுக்குக் கீழே செஞ்சி நாயக்கர்கள். இன்னிக்கு நாம பார்க்கிற கட்டடங்களில் பெரும்பகுதி நாயக்கர் கை வேலை. கூம்பு மாதிரி மாடி மாடியா எழும்புற கல்யாண மகால், பிரம்மாண்டமான நெற்களஞ்சியம், ஆனைக்குளம், கீழ்க்கோட்டையில் வேங்கடரமணர் கோயில். கல்யாண மகாலுக்குக் கோட்டைக்கு வெளிய இருந்து மண் குழாய் போட்டுத் தண்ணி கொண்டு வந்திருக்காங்க. கோயிலுக்குள்ள போனா, இங்கே ஏதோ குறையுதேன்னு தோணும். குறையுது. நம்ம பீச் தூண்கள் இங்கே இருந்து போனவைதான்.

1649இல் பீஜப்பூர் சுல்தானகம் பிடிச்சுது. 1677இல் சிவாஜி வந்தார். பெரிய சண்டை இல்லை, பேச்சு வார்த்தையிலேயே கோட்டை கைமாறுச்சு. ஆனா வாங்கின பிறகு அவர் சும்மா இருக்கலை. மதில்களையும் அகழியையும் புதுசா பலப்படுத்தினதை அந்தக் காலத்து இயேசு சபைப் பாதிரியார் ஒருத்தர் ஆச்சரியமாக் கடிதத்தில் எழுதியிருக்கார்.

மராட்டியத் தலைநகரம் நம்ம செஞ்சி

1689இல் சிவாஜியின் மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்னுட்டார். தம்பி ராஜாராம் மாறுவேஷத்தில் தப்பிச்சு, தென்னாட்டுக்கு ஓடி வந்து சேர்ந்த இடம் செஞ்சி. அப்புறம் சுமார் எட்டு வருஷம் மராட்டிய அரசின் தலைநகரம் இதுதான். விழுப்புரத்தில் இருந்து ஒரு டீ குடிக்கிற தூரத்தில்!

1690இல் ராஜாராமிடம் இருந்துதான் ஆங்கிலேயக் கம்பெனி கடலூர் பக்கத்துத் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்குச்சு. எல்லை எப்படி? பீரங்கியால் சுட்டா குண்டு எங்கெல்லாம் விழுதோ அதுவரைக்கும். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள்னே பேர் வந்துச்சு.

அதே 1690இல் முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் முற்றுகையைத் தொடங்கினார். முடிஞ்சது 1698 தொடக்கத்தில். ஏன் இவ்வளவு நாள்? மூணு மலையையும் முழுசா வளைக்கிற அளவுக்குப் படை கிடையாது. வெளிய சந்தாஜி, தனாஜின்னு ரெண்டு மராட்டியத் தளபதிகள் உணவு வர்ற வழிகளை அடிச்சுட்டே இருந்தாங்க. முற்றுகை போட்டவங்களே பட்டினி. நடுவில் ஔரங்கசீப்போட மகன் காம் பக்ஷ், ராஜாராமோட ரகசியமாப் பேசினதுக்காகத் தன் பக்கத்துத் தளபதிகளாலேயே கைது செய்யப்பட்டார். சுல்ஃபிகார் கான் வேணும்னே இழுக்கிறாருன்னு சந்தேகமும் இருந்துச்சு. கடைசியில் கோட்டை விழுறதுக்குள்ள ராஜாராம் தப்பிச்சுட்டார். யாரைப் பிடிக்க எட்டு வருஷம் உட்கார்ந்தாங்களோ அவரே போயிட்டார்.

அப்பாவின் தேசிங்கு

எங்க அப்பாவுக்குச் செஞ்சின்னா ராஜா தேசிங்குதான். பெரிய எழுத்துப் புத்தகமாவும் வந்த கதைப்பாடல் அது. 1960இல் எம்.ஜி.ஆர். படமும் வந்துச்சு. வரலாறு என்ன சொல்லுது? பேர் தேஜ் சிங். பந்தேல ராஜபுத்திரர். முகலாயர் கீழ் செஞ்சியில் இருந்த சொரூப் சிங்கின் மகன். அப்பா இறந்ததும் 1714இல் வந்து பொறுப்பை எடுத்தார். பல வருஷக் கப்பப் பாக்கியைக் கட்டுன்னு ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் கேட்டார். தேசிங்கு மறுத்தார். சில நூறு குதிரை வீரர்களோட பெரும் படையை எதிர்த்து அந்த அக்டோபரில் செத்துப் போனார். வயசு 22. ஆண்டது சுமார் பத்து மாசம்.

நான் வரலாறு படிக்க ஆரம்பிச்சப்போ அப்பாகிட்ட, "அவர் தமிழரே இல்லைப்பா, வரிப் பாக்கிச் சண்டைதான்"ன்னு புத்திசாலித்தனமாச் சொன்னேன். அப்பா கேட்டார்: "அப்போ மோவுத்துக்காரன் எதுக்குடா கூட வந்து செத்தான்?" மோவுத்துக்காரன்னா கதையில் வர்ற மகபத் கான், தேசிங்கின் உயிர் நண்பர். ராஜபுத்திரனும் முஸ்லிமும் சேர்ந்து செத்த கதையை நம்ம ஊர்க்காரங்க தமிழில் பாடி முன்னூறு வருஷமா அழுறாங்க. வரிக் கணக்கு ஆவணத்தில் இருக்கு. மக்கள் எதை வெச்சுக்க நினைச்சாங்கங்கிறது பாட்டில் இருக்கு. அப்பா கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை.

பக்கத்தில் சிங்கவரம் குகைக்கோயிலில் பாறையிலேயே செதுக்கின பெரிய ரங்கநாதர் படுத்திருக்கார். போருக்குப் போகாதேன்னு சொல்லியும் தேசிங்கு கேட்கலை, அதனால் சாமி முகத்தைத் திருப்பிக்கிட்டார்னு கதை. போய்ப் பாருங்க.

ஒரே ராத்திரி

எட்டு வருஷம் தாங்கின அதே கோட்டையை, 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடிச்சார். கதவை வெடி வெச்சு உடைச்சு, இருட்டில் மூணு மலையிலும் ஒரே நேரத்தில் ஏறி, விடியறதுக்குள்ள முடிச்சுட்டார். மதில் அதே மதில்தான். உள்ளே இருந்தது, கொஞ்ச நாள் முன்னாடி தோத்து ஓடி வந்த முகமது அலியோட படை. கல் எவ்வளவு உயரம்னாலும், உள்ளே இருக்கிறவனுக்கு மனசு விட்டுப் போச்சுன்னா அவ்வளவுதான். 1761 ஏப்ரலில் இங்கிலீஷ்காரன் கைக்கு வந்துச்சு. 1780இல் ஹைதர் அலி. அதோட அதன் போர்க் காலம் முடிவுக்கு வந்துச்சு.

2025 ஜூலை 11இல் யுனெஸ்கோ "மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்"னு 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியமா அறிவிச்சுது. 11 மகாராஷ்டிரத்தில், ஒண்ணு செஞ்சி. "நம்ம கோட்டைக்கு அவங்க பேரா?"ன்னு நிறைய பேருக்குக் கோபம். எட்டு வருஷத் தலைநகரம், அதனால் அந்தப் பேர் பொய் இல்லை. ஆனா அங்கே நிற்கிற போர்டைப் படிச்சுட்டு மராட்டியக் கோட்டைன்னு மட்டும் ஒருத்தர் திரும்பிப் போனா, கோனாரும் நாயக்கரும் தேசிங்கும் விடுபட்டுப் போறாங்க. அதைச் சொல்ல வேண்டிய ஆள் நாமதான். நாம ஊட்டிக்குப் போயிட்டா யார் சொல்றது?

போறவங்களுக்கு

காலையில் கோட்டை திறந்ததுமே ராஜகிரி ஏறிடுங்க. சுமார் 800 அடி. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. சாப்பாட்டைக் கையில் தொங்க விடாதீங்க, குரங்கு பறிச்சுடும். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி மலையே பிளந்து நிற்கும். அந்தப் பள்ளத்தின் மேல் சின்னப் பாலம் ஒண்ணுதான் வழி. அதை எடுத்துட்டா யாரும் வர முடியாது. அங்கே நின்னாத்தான் எட்டு வருஷக் கணக்கு புரியும். மதியம் சாதத்துல்லா கான் மசூதி, களஞ்சியம், வேங்கடரமணர் கோயில். கால் இருந்தா கிருஷ்ணகிரி.

கடைசியா போனப்போ அப்பாவுக்கு மூட்டு வலி, கீழேயே களஞ்சிய நிழலில் உட்கார்ந்துட்டார். நான் உச்சியில் இருந்து போன் பண்ணினேன். "அங்கிருந்து நம்ம ஊர் தெரியுதாடா?"ன்னார். தெரியலை. ஆனா இந்த மலைப் பக்கம் பிறக்கிற சங்கராபரணி ஆறு நம்ம பக்கமா வந்து பாண்டிக்குப் போய்த்தான் கடலில் சேருதுன்னு சொன்னேன். "தூணும் அங்கதானே போச்சு"ன்னார்.

அடுத்த தடவை பீச்சுக்குப் போனா அந்தத் தூணை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. செஞ்சிக்குப் போயிட்டு வந்தவங்க என்ன பார்த்தீங்கன்னு எனக்கு எழுதுங்க. உங்க வீட்டுப் பெரியவங்க சொன்ன தேசிங்கு கதை இருந்தா ஒரு வாய்ஸ் நோட்டாவே அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.