கள்ளாட்டமா, கைத்தவறா?

சத்தியமங்கலத்தில் நாங்கள் நாலு பென்ஷன்காரர்கள் சீட்டாடும்போது, கையில் இஸ்பேடு இருந்தும் ஒருவர் துருப்பு வெட்டிவிட்டால் 'கள்ளாட்டம்' என்று சண்டைதான். நான் படித்த பிரெஞ்சில் இதற்கு 'ரெனோன்ஸ்' என்று பெயர்.

பழைய விஸ்ட் ஆட்டத்தில் இதற்கு 3 பிடி அபராதம். அதன் வழிவந்த பிரிட்ஜ் போட்டிகளில் இன்று நடுவரை அழைக்க வேண்டும். தவறியவர் அணி அடுத்த பிடிக்குச் சீட்டுப் போடுமுன் தெரிந்தால் திருத்தியே ஆகவேண்டும். தாண்டிவிட்டால், தவறியவரே அந்தப் பிடியை எடுத்திருந்தால் 2 பிடி வரை, இல்லையேல் 1 பிடி வரை எதிரணிக்குப் போகும். நஷ்டம் அதற்கு மேல் என்றால் நடுவர் கணக்கைச் சரிசெய்வார். தண்டிப்பதல்ல, ஈடுசெய்வதே நோக்கம் என்றன 2007 விதிகள்; வேண்டுமென்றே செய்தால்தான் குற்றம்.

போன வாரம் தவறியது நான்தான். இஸ்பேடும் கிளாவரும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தன. 2 பிடி கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்; அந்தச் சொல்தான் இன்னும் உறுத்துகிறது.