ஏவலர் மொழி ஏற்றம் பெற்ற கதை

ஆங்கிலம் என்றதும் அஞ்சுவோர் ஒருபுறம். ஆங்கிலத்தில் நான்கு தொடர் பேசியதும் அறிஞராகிவிட்டதாக எண்ணுவோர் மறுபுறம். இவ்விரு சாராரையும் வகுப்பறையில் நாம் நாள்தோறும் காண்கிறோம். உழவர் வீட்டுப் பிள்ளை வாய்திறக்கக் கூசுகிறான். அவனருகே அமர்ந்திருப்பவனோ, நெட்டுருப் போட்ட மரபுத்தொடர்களை அள்ளிவீசி, அவனை ஏளனமாக நோக்குகிறான். அச்சமும் அகந்தையும் ஒரே மயக்கத்தின் இரு பிள்ளைகள். ஆங்கிலம் பிறவியிலேயே பெருமை பெற்ற மொழி, மேலோர் மொழி என்பதே அம்மயக்கம். வரலாறு அவ்வாறா கூறுகிறது?

1066ஆம் ஆண்டு, நார்மண்டிக் கோமகன் வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தின் அரியணை ஏறினான். அரண்மனையில் பிரெஞ்சு ஒலித்தது. திருச்சபையில் இலத்தீன் ஒலித்தது. ஆங்கிலம் எங்கே போயிற்று? ஏர் பிடித்தவனிடமும், ஆடு மேய்த்தவனிடமும், அடுப்பு ஊதியவளிடமும் அடைக்கலம் புகுந்தது.

நம் மாணவர் மனப்பாடம் செய்யும் எளிய சொற்களிலேயே அந்த வரலாறு உறைந்து கிடக்கிறது. கொட்டிலில் நிற்கும் மாடு 'கௌ', ஆடு 'ஷீப்', பன்றி 'ஸ்வைன்'. இவை ஆங்கிலச் சொற்கள். அவையே இறைச்சியாகித் தட்டுக்கு வந்ததும் 'பீஃப்', 'மட்டன்', 'போர்க்' எனப் பெயர் மாறுகின்றன. இவை பிரெஞ்சு தந்தவை. இப்பாகுபாடு ஒரே நாளில் தோன்றியதன்று. நூற்றாண்டுகள் கடந்தே நிலைபெற்றது. எனினும் அது காட்டும் உண்மை தெளிவானது. வளர்த்தவன் மொழி ஒன்று. உண்டவன் மொழி மற்றொன்று!

வழக்குமன்றத்திலும் இதே நிலைதான். தன்மீது சாட்டப்படும் குற்றம் என்னவென்றே ஏழைக் குடிமகனுக்குப் புரியாது. பிரெஞ்சு மொழி நாட்டில் பெரிதும் அறியப்படாதது என்ற காரணம் காட்டி, வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட 1362ஆம் ஆண்டு சட்டம் செய்தனர். அச்சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! பதிவேடுகளோ இலத்தீனிலேயே நீடித்தன. அந்த இலத்தீனும் வழக்குமன்றத்தை விட்டு வெளியேற 1733 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சமயக் கோட்டையைத் தட்டியவர் வில்லியம் டிண்டேல். ஏர் உழும் சிறுவனும் படித்துணருமாறு விவிலியத்தை ஆங்கிலமாக்க அவர் முனைந்தார். தாய்நாட்டில் இடம் கிடைக்கவில்லை. ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் 1526ஆம் ஆண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். படிகள் கள்ளத்தனமாக இங்கிலாந்து வந்தன, இலண்டனில் கொளுத்தப்பட்டன. 1536இல் பிரஸ்ஸல்ஸ் அருகே டிண்டேலின் கழுத்தை நெரித்து, உடலையும் எரித்தனர். மூன்றே ஆண்டுகளில், 1539இல், அரசன் ஆணைப்படி ஆங்கில விவிலியம் வெளிவந்தது. அதன் பெரும்பகுதி டிண்டேலின் உழைப்பே! ஆளும் அதிகாரத்தாரைக் குறிக்க இன்று வழங்கும் 'தி பவர்ஸ் தட் பீ' என்னும் தொடர் அவர் மொழிபெயர்ப்பில் வந்தது. அதிகாரத்தார் அவரைக் கொன்றனர். அவர் ஆக்கிய தொடரோ அதிகாரத்தாரைச் சுட்டியபடியே வாழ்கிறது.

அறிவியலும் இவ்வழியே இறங்கி வந்தது. நியூட்டன் தம் 'பிரின்சிப்பியா'வை 1687இல் இலத்தீனில் வெளியிட்டார். ஒளியைப் பற்றிய நூலை 1704இல் ஆங்கிலத்தில் தந்தார்.

மாணவரை மிரட்டும் மரபுத்தொடர்களில் பல எங்கே பிறந்தன? இரும்பு பழுத்திருக்கும்போதே அடி என்பது கொல்லன் உலைக்களத்துப் பேச்சு. தொழிலின் நுணுக்கம் கற்பதைக் 'கயிறுகளைக் கற்றல்' என்பது பாய்மரக் கப்பலில் உழைத்தவரின் பேச்சு. உழைப்பவன் வாய்மொழியைக் கண்டு உழைப்பவன் பிள்ளை அஞ்சுவதா?

எத்தனை சொல் வேண்டும் என்ற கணக்கும் நம்மிடம் உண்டு. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரித் தலைவராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர் அரிய சொற்களிடையே திணறுவதைக் கண்டார். அடிக்கடி வழங்கும் சொற்களை முதலில் கற்பிப்பதே அறிவுடைமை என்றார். 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் உள்ளன. பொதுவான உரைநடையில் ஐந்தில் நான்கு பங்கை அவற்றால் படித்துவிடலாம். நீர், கை, வீடு, வா, போ, உண் முதலியவற்றைக் குறிக்கும் சொற்கள் அவற்றில் உண்டு. அவையெல்லாம் அந்தப் பழைய ஏவலர் மொழியின் சொற்களே!

கற்கும்போது கண் திறந்தே கற்க வேண்டும். ஏனெனில் ஆங்கிலம் நம்மிடமிருந்தும் வாங்கியிருக்கிறது. கும்பினியார் கப்பல்களில் சரக்கோடு சொற்களும் ஏறின. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று. இவற்றைக் கூறிப் பெருமை கொள்வோர், 'பரையா' என்ற சொல்லையும் எண்ணிப் பார்க்கட்டும். பறை முழக்கிய மக்களின் பெயர் அது. சாதிக்கொடுமை அதனை இழிபெயராக்கியது. அந்த இழிவோடு சேர்த்தே அயலார் அதனை எடுத்துச் சென்றனர். ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கில அகராதியில் அது ஏறியது. உலகம் விலக்கி வைத்த நாடுகளை இன்றும் நாளேடுகள் அச்சொல்லால் சுட்டுகின்றன. ஆங்கிலேயன் படைத்த இழிவா அது? இல்லை, நாம் ஏற்றுமதி செய்த இழிவு!

ஒருமுறை பாடத்தில் அச்சொல் வந்தது. ஒரு மாணவன் தலை குனிந்தான். பொருளை மட்டும் கூறிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். நாம் புத்தகத்தை மூடிவிட்டு, அச்சொல்லின் வரலாற்றைக் கூறினோம். வகுப்பு அமைதியாயிற்று. குனிய வேண்டியது எவர் தலை என்பதை மற்றவர்கள் உணர்ந்தனர். குனிந்திருந்த தலை மெல்ல நிமிர்ந்தது.

தோழர்களே! ஆங்கிலம் கற்போம், அது உலகைக் காட்டும் சாளரங்களுள் ஒன்று. ஆனால் அதனைத் தொழவும் வேண்டா, அதனிடம் நடுங்கவும் வேண்டா. நாள்தோறும் ஐந்து சொல் கற்போம். அவற்றுள் ஒன்றையேனும், நீ எவர் வாயில் பிறந்தாய், எவரை உயர்த்தினாய், எவரைத் தாழ்த்தினாய் என்று கேட்போம். அவ்வாறு கேட்கப் பழகியவன் தன் தாய்மொழிச் சொற்களையும் கேட்காமல் விடமாட்டான்.