மொட்டைக் கடிதமும் மாணவர் துண்டறிக்கையும்



கொட்டாம்பட்டியில் நின்றுகொண்டு உரிமை பற்றிப் பேசுகிறவர்கள் மேலவளவைத் தாண்டிப் போக முடியாது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சியின் தலைவர் முருகேசனும் உடன் வந்த தோழர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சட்டம் கொடுத்த நாற்காலியில் ஊர் உட்கார விடவில்லை. அரசமைப்பின் 19ஆம் பிரிவு தந்த கருத்துரிமைக்குக் கல்லூரி வாசலுக்குள் என்ன நேர்கிறது என்று கேட்கும்போதும் நாம் இந்த அனுபவத்திலிருந்துதான் தொடங்குகிறோம்.

பிறர் இடம் தராதபோது நாமே அச்சடிப்பது நம் மரபு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாக்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' நடத்தினார். லாகூரின் சாதி ஒழிப்புச் சங்கம் 1936இல் நடக்கவிருந்த தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்த பிறகு சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடு நடக்கவில்லை. நிகழ்த்தப்படாத அந்த உரையைத் தம் செலவிலேயே நூலாக்கினார். முதல் பதிப்பின் 1,500 படிகளும் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. பெரியாரின் குடி அரசு அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது.

இந்த மரபில் வந்ததுதான் சென்னை ஐஐடியின் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம். 2014 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்டது. பெயரை மாற்றச் சொல்லி நிர்வாகம் முன்பே வலியுறுத்தியதாக மாணவர்கள் கூறினார்கள். மறு ஆண்டு அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி அவர்கள் வெளியிட்ட துண்டறிக்கை மத்திய அரசின் கொள்கைகளை விமர்சித்தது. டெல்லிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அதை அனுப்பி நிறுவனத்திடம் கருத்துக் கேட்டது. 2015 மே 22 அன்று அமைப்பின் அங்கீகாரம் நீக்கப்பட்டது. அனுமதியின்றி நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தினார்கள் என்று விதியைக் காட்டினார்கள். நாடெங்கும் போராட்டம் எழுந்த பின் ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தன் பெயரைப் போட்டு எழுதியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். பெயரில்லாமல் எழுதியவரின் சொல் எடுபட்டது. கருத்து தவறு என்று யாரும் வாதாடவில்லை. விதிப்புத்தகமே போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவிலும் இதே தர்க்கம்தான். 1983இல் மிசௌரி மாநிலத்தின் ஹேசல்வுட் பள்ளியில், மாணவியரின் கர்ப்பம், பெற்றோரின் மணமுறிவு பற்றிய கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களை மாணவர் இதழிலிருந்து முதல்வர் நீக்கினார். பள்ளியின் பெயரில், பள்ளிப் பாடத்தின் பகுதியாக வருகிற இதழில் நிர்வாகம் கைவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளித்தது.

நம் ஊர்களில் தீர்ப்பு வரைக்கும் போகவேண்டிய தேவையே இருப்பதில்லை. நாங்கள் படித்த கல்லூரியில் ஆண்டு மலருக்கு எங்கள் தெருவைப் பற்றி எழுதிக் கொடுத்தோம். அச்சில் 'சேரி' என்ற சொல் எல்லா இடத்திலும் 'கிராமம்' என்று மாறியிருந்தது. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை பற்றிய பத்தியைக் காணவில்லை. கேட்டதற்கு, "இடம் போதல தம்பி" என்றார்கள். பெயர் அச்சில் வந்த மகிழ்ச்சியில் நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த மௌனத்திற்கு நாங்களும் பொறுப்பு.

மேலூரிலிருந்தும் கொட்டாம்பட்டியிலிருந்தும் பேருந்தேறி மதுரைக்குப் படிக்கப் போகிற தம்பி தங்கைகளே, நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். கொடுக்கும் கட்டுரைக்குத் தேதியிட்டு ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். நீக்கினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் நீக்கியதையும் சேர்த்து நீங்களே அச்சடியுங்கள். பத்துப் படிகள் போதும், படித்தவர்கள் கைமாற்றிக்கொள்வார்கள். அதில் 'சேரி' என்று எழுதியிருந்தால் அது சேரியாகவே இருக்கட்டும்.